ஒரு ஷத்தைத் தூக்கி எறிஞ்ச கதை

ஸ்பானிஷ்ல "அன்யோ"ன்னா வருஷம். "அனோ"ன்னா ஆசனவாய். மூணு மாசம் உக்காந்து நான் செஞ்ச முதல் டெமோல, எகிப்து ராஜா கண்ட கனவுக்கு யூசுபு நபி சொன்ன விளக்கம், "ஏழு ஆசனவாய் விளைச்சல், அப்புறம் ஏழு ஆசனவாய் பஞ்சம்"னு ப்ரொஜெக்டர்ல இம்மாம் பெருசா வந்து நின்னுச்சு. எதிர்ல நாலு புரொபசர், ரெண்டு பிஹெச்டி ஸ்டூடண்ட்ஸ். கொஞ்ச நேரம் யாரும் வாயே திறக்கல, அப்புறம் அரபி மேடம் சிரிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, கண்ல தண்ணி வந்து கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டு மறுபடி சிரிச்சாங்க.

ஸ்பெயின்ல ஒரு யூனிவர்சிட்டி ப்ராஜெக்ட்ல ரெண்டரை வருஷம் ப்ரோக்ராமரா இருந்தேன், அந்தக் கதைதான் இது. நான் இலக்கியம் படிச்சவன் இல்ல. ராமநாதபுரம் கடலோரம் ஊரு, சென்னைல ஐடில குப்பை கொட்டிட்டு, மாஸ்டர்ஸ் படிக்க மாட்ரிட் போய், முடிச்சதும் கையில காசு இல்லாத நேரத்துல "அரபி எழுத்து வாசிக்கத் தெரிஞ்ச ப்ரோக்ராமர் தேவை"ன்னு ஒரு அறிவிப்பு பாத்து அப்ளை பண்ணேன். சின்ன வயசுல மதரஸால ஓதினதுக்கு ஸ்பெயின்ல சம்பளம் கிடைக்கும்னு எங்க ஹஸரத்கிட்ட யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டார்.

டீம்ல யார் யார்னா, இடைக்கால ஸ்பானிஷ் கவிதை, அதுலயும் யாப்புன்னா உயிரை விடுற ஒரு சார், அரபி மேடம், ஹீப்ரூ படிச்ச ஒருத்தர், மத வரலாறு பாக்குற ஒருத்தர், பழைய புத்தகங்களைப் பழுது பாக்குற அம்மா (வாரத்துல ஒரு நாள்தான் வருவாங்க), மெக்ஸிகோல இருந்து வந்த போஸ்ட் டாக், அந்த ரெண்டு ஸ்டூடண்ட்ஸ், கடைசியா நான்.

வேலை என்னன்னா யூசுப் கதை, பைபிள்ல யோசேப்புன்னு வர்றாரே அவர்தான். ஒரே கதையை ஒரே காஸ்டிலியன் (ஸ்பானிஷ்தான்) மொழியில மூணு மதத்துக்காரங்களும் அவங்கவங்க பாணில எழுதி வச்சிருக்காங்க. கிறிஸ்தவர் பக்கம் 13-ம் நூற்றாண்டுல அல்ஃபோன்சோ ராஜா எழுத வச்ச பெரிய உலக வரலாறு, ஹெனெரால் எஸ்தோரியா. யூதர் பக்கம் "கோப்லாஸ் தெ யோசெஃப்", பேசுறது ஸ்பானிஷ், எழுதியிருக்கிறது ஹீப்ரூ எழுத்துல, ஒவ்வொரு பாட்டும் "யோசெஃப்"னுதான் முடியும். முஸ்லிம் பக்கம் "போயெமா தெ யூசுஃப்". ஸ்பானிஷ் தான், ஆனா அரபி எழுத்து. குர்ஆன்ல 12-வது சூரால, அதாவது அத்தியாயத்துல, வர்ற கதை, கூடவே வழிவழியா வந்த கதைகளும் சேர்ந்தது. உதாரணத்துக்கு, யூசுபை ஓநாய் தின்னுடுச்சுன்னு அண்ணனுங்க பொய் சொன்னதும் அந்த ஓநாயைப் புடிச்சுட்டு வந்து அப்பா யாக்கூப் நபி முன்னாடி நிறுத்த, "நான் தின்னல"ன்னு அது வாயைத் திறந்து சொல்லும். இதுல கூத்து என்னன்னா அந்தப் பாட்டு எழுதியிருக்கிற யாப்பு குவாதெர்னா வியா, நாலு வரி, வரிக்கு ஏழும் ஏழும் பதினாலு அசை, நாலு வரிக்கும் ஒரே முடிவு, ஸ்கூல்ல இயைபுன்னு படிச்சோமே அது மாதிரி. பெர்செயோன்னு ஒரு பாதிரியார் மேரி மாதா செஞ்ச 25 அற்புதங்களைப் பாடினதும் இதே யாப்புலதான். சர்ச் பக்கத்து மெட்டுல நபி கதை. எழுதினது யாருன்னு தெரியாது.

இப்படி அரபி எழுத்துல ஸ்பானிஷ் எழுதுறதுக்கு அல்ஹமியாதோன்னு பேர். 'அஜமி'ங்கற அரபி வார்த்தையில இருந்து வந்தது. முதல் நாள் இதை எனக்கு விளக்க ஒரு ஸ்லைடு ரெடி பண்ணி வச்சிருந்தாங்க, நான் "எங்க வீட்டுல இருக்கு இது"ன்னேன். எங்க உம்மம்மா ஓதுற கிதாபு அரபுத் தமிழ், அதான் அர்வி. தமிழ்தான், எழுத்து அரபி. அன்னிக்கு எல்லாரும் என்னைப் பாத்த பார்வை, ஏதோ 16-ம் நூற்றாண்டுல இருந்து நேரா இறங்கி வந்தவன் மாதிரி. அந்த மிதப்புலதான் அடுத்த மூணு மாசம் தப்பு மேல தப்பு பண்ணேன்.

அரபில இங்கிலீஷ் p சத்தம் இல்ல ('பே'ங்கற எழுத்து b சத்தம்தான்), ஞ இல்ல. நம்மாளுங்க அர்வில என்ன பண்ணாங்கன்னா, அரபி எழுத்துக்கு மேலயோ கீழயோ புள்ளி கூட்டி புது எழுத்தே செஞ்சுக்கிட்டாங்க. ஸ்பெயின்காரங்க அப்படிச் செய்யல, இருக்கிற எழுத்து மேலயே ஷத்துங்கற சின்னக் குறியைப் போட்டாங்க. பே மேல ஷத்து போட்டா 'ப்ப', அதாவது p. நூன் மேல ஷத்து போட்டா 'ன்ய'. லாம் மேல போட்டா ஸ்பானிஷ்ல ரெண்டு எல் வர்ற சத்தம், ஜீம் மேல போட்டா 'ச்ச'. அரபில ஷத்துன்னா எழுத்து இரட்டிக்குதுன்னு அர்த்தம், இங்க அது வேற எழுத்தாவே மாத்திடும்.

எனக்குப் பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, ரெண்டு ஸ்டூடண்ட்ஸும் டைப் பண்ணித் தந்த வரிகள்ல ஒரே வார்த்தையைத் தேடினா ஒருத்தர் ஃபைல்ல கிடைக்குது, இன்னொருத்தர் ஃபைல்ல கிடைக்கல. ஸ்க்ரீன்ல ரெண்டும் அச்சு அசல் ஒன்னு. ஒரு வாரம் மண்டையை உடைச்சேன். கடைசில எல்லா அரபி ப்ரோக்ராமரும் பண்றதைப் பண்ணேன், ஷத்து எல்லாத்தையும் தூக்கிட்டேன். சாதாரண அரபில அது தப்பே இல்ல, தேடுறதுக்கு முன்னாடி குறிகளைக் கழிக்கிறது வழக்கம்தான். தேடல் ஜோரா வேலை செஞ்சுது. ஆனா p எல்லாம் b-யா போயி, பாத்ரே (அப்பா) 'பா'வும் பான் (ரொட்டி) 'பா'வும் அரபி 'பே' ஆயிடுச்சு, அன்யோ அனோ ஆயிடுச்சு, மீதியை மேல சொல்லிட்டேன்.

நிஜக் காரணம் வேற. ஒரு பொண்ணு முதல்ல ஷத்து அடிச்சுட்டு அப்புறம் ஸபர் ('அ' சத்தத்துக்கான குறி) அடிக்கும், இன்னொரு பையன் ஸபர் முதல்ல. கண்ணுக்கு ஒன்னு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு வேற வேற வரிசை. யூனிகோட்ல நார்மலைஸ்னு ஒரு வரி கோடு இருக்கு, அதைப் போட்டா குறிகள் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துடும், எதையும் தூக்கி எறிய வேண்டாம். தமிழ்லயும் இதே வம்பு உண்டு, "கொ"வை ஒரே குறியா அடிக்கலாம், ஒத்தைக் கொம்பும் காலும் தனித்தனியா சேர்த்தும் அடிக்கலாம், பாத்தா ஒன்னுதான், தேடினா கிடைக்காது. தமிழ் டைப் பண்ற எனக்கு இது முதல்ல தோணியிருக்கணும். தோணல. அதனால இந்த மாதிரி வேலைக்குப் போறவங்க முதல் நாளே நார்மலைஸ் பண்ணுங்க, எதையாச்சும் நீக்கணும்னு கை பரபரத்தா அந்த எழுத்தை வாசிக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நீக்குங்க.

ஷீன்ங்கற அரபி எழுத்தோட கதை இன்னும் இருக்கு. ஸ்பானிஷ் 'ஸ' சத்தத்துக்கு அவங்க ஷீன் போட்டிருக்காங்க, 'சீன்'ங்கற எழுத்தை வேற ஒரு சத்தத்துக்கு வச்சுக்கிட்டாங்க. என் ப்ரோக்ராம் ஷீனை எல்லாம் 'ஷ'ன்னு மாத்திச்சு. "ஷென்யோர்", "ஷியெதெ", மொத்தப் பாட்டும் வாய் நிறைய வெத்தலை போட்டுக்கிட்டு பேசுற மாதிரி வந்துச்சு.

டெமோ கூத்துக்கு அப்புறம் மத வரலாறு சார் ஒரு ஏற்பாடு கொண்டு வந்தார். வியாழக்கிழமை காலைல எல்லாரும் ஒரே ரூம்ல, ஒரே பக்கம், ஒரே படம். லேப்டாப் மூடணும். வரி வரியா சத்தமா வாசிக்கணும், ஒவ்வொருத்தரும் "இந்த வரில நீங்க எதைக் கண்டுக்காம விடுவீங்க"ன்னு சொல்லணும். எனக்கு முதல்ல செம கடுப்பு, ரெண்டு மணி நேரத்துல ஆறு வரி கூட ஓடாது.

ஆனா அங்கதான் எல்லாம் வெளிய வந்துச்சு. யாப்பு சார் நபி பேருக்கு அப்புறம் வர்ற "அலைஹிஸ்ஸலாம்" (அவர் மேல சாந்தி உண்டாகட்டும்) மாதிரி வாக்கியங்களை எல்லாம் பென்சில்ல அடைப்புக்குறி போட்டு ஒதுக்கிட்டே வந்திருக்கார், ஏன்னா அதைச் சேர்த்தா அசை பதினாலைத் தாண்டிடுது, பின்னாடி எவனோ சேர்த்ததுன்னு அவர் முடிவு. மத வரலாறு சாருக்கு அதுதான் உயிர்நாடியே. இதைக் கூடி உக்காந்து வாசிச்சாங்களா, சத்தமா ஓதினாங்களா, ஓதினா கேக்குறவங்க அந்த எடத்துல என்ன சொல்லுவாங்க, எல்லாம் அந்த நாலு வார்த்தையிலதான் இருக்குன்னார். ரெண்டு பேரும் முப்பது வருஷமா ஒரே கட்டடத்துல வேலை பாக்குறாங்க, ஒருத்தர் ஒதுக்கினதைப் பத்திதான் இன்னொருத்தர் பேப்பரே எழுதியிருக்கார், ரெண்டு பேருக்கும் அது தெரியாது.

எனக்கும் ஒன்னு மாட்டுச்சு. அகராதில இல்லாத வார்த்தைகளை எல்லாம் எழுத்துப்பிழைன்னு நினைச்சு, பக்கத்துல இருக்கிற ஸ்பானிஷ் வார்த்தையா மாத்துற மாதிரி ஒரு கோடு எழுதி வச்சிருந்தேன். அதுல "ஹலெகார்"னு ஒன்னு. அரபி மேடம் பாத்ததும் பதறிட்டாங்க. ஹலக-ன்னா அரபில படைச்சான், அதோட ஸ்பானிஷ் வினை விகுதி 'ஆர்' ஒட்டி "ஹலெகார்", படைக்கிறது. சாதாரண ஸ்பானிஷ் "க்ரியார்" இருக்கும்போதே அல்லாஹ் படைச்சதைச் சொல்ல இப்படி ஒரு வார்த்தை. அவங்க விளக்கி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சுடுச்சு, எங்க ஊர்ல "மவுத்தாயிட்டார்"னு சொல்றோமே, அரபி மவுத்து, தமிழ் ஆயிட்டார், அதே தையல்தான். யாராவது அதைப் பிழைன்னு "மாத்தாயிட்டார்"னு திருத்தினா எப்படி இருக்கும்? அதைத்தான் நான் நூத்துக்கணக்கான எடத்துல பண்ணி வச்சிருந்தேன்.

பதிலுக்கு நானும் ஒரு தடவை உபயோகப்பட்டேன். அசை எண்ற என் ப்ரோக்ராம் எப்பவும் பதினேழு, பதினெட்டுன்னு கூடுதலாவே காட்டும், யாப்பு சார் "கவிஞனுக்கு எண்ணத் தெரியலையா"ன்னு சலிச்சுக்குவார். வியாழக்கிழமை ஒன்னுல சத்தமா வாசிக்கும்போது கவனிச்சேன், "ஓத்ரோ"ன்னு வர வேண்டியது "ஓதொரோ"ன்னு எழுதியிருக்கு, "த்ரெஸ்" "தெரெஸ்"னு. ரெண்டு மெய் சேர்ந்து வர்றது அரபி எழுத்துக்கு ஒத்துவராது, நடுவுல ஒரு உயிரைச் செருகுறாங்க. நமக்கு இது தண்ணி பட்ட பாடு, கிருஷ்ணனை நாம அப்படித்தான எழுதுறோம், அதுக்காக எண்ணத் தெரியாதுன்னா சொல்றாங்க. மேடத்துக்கு இந்த விஷயம் எப்பவோ தெரியும், சொல்ல வேண்டிய விஷயம்னு அவங்களுக்குத் தோணல, கேக்க வேண்டிய விஷயம்னு சாருக்குத் தோணல. செருகின உயிரைக் கழிச்சதும் பாதி வரிகள் பதினாலுக்கு வந்துச்சு. மீதி வரல, அதைப் பத்தி இன்னும் சண்டை போடுறாங்க.

பழம் பஞ்சாயத்து ஒன்னும் நடந்துச்சு. யூசுப் இருந்த வீட்டு எஜமானி கூப்பிட்ட விருந்துல, யூசுபோட அழகைப் பாத்து பொண்ணுங்க பழம் நறுக்குறேன்னு கையை நறுக்கிப்பாங்களே, அந்தப் பழம் பாட்டுல "டொரோன்ஹா". நான் ஆன்லைன் அகராதி பாத்து கிரேப் ஃப்ரூட்னு டேக் போட்டேன், மெக்ஸிகோ போஸ்ட் டாக்கும் ஆமா எங்க ஊர்ல அதுதான்னான். கிரேப் ஃப்ரூட்டே 18-ம் நூற்றாண்டுல கரீபியன் பக்கம் தானா ஒட்டி உண்டான பழம், இடைக்காலத்துல ஏது? இது கடாரங்காய் மாதிரி தடிச்ச தோலு உள்ள பழம். இதுல சுவாரசியம், குர்ஆன் வசனத்துல கத்தி இருக்கு, பழத்தோட பேரு நேரடியா இல்ல, உரைகள்லதான் வருது. ஹீப்ரூக்காரர் உடனே எங்க தன்ஹூமா மித்ராஷ்ல (யூத வேத விளக்க நூல்) எத்ரோக்குன்னே, அதே தடிச்ச தோல் பழம்தான், இருக்குன்னு எழுந்து நின்னுட்டார். ஒரு பழத்துல ரெண்டு மதம் கத்தியோட நிக்குது, நான் சூப்பர் மார்க்கெட் பழத்தை வச்சு முடிக்கப் பாத்தேன்.

இதுக்கெல்லாம் அப்புறம் டேட்டா அமைப்பையே மாத்தினோம். யாராவது இந்த மாதிரி ப்ராஜெக்ட்ல சேர்றீங்கன்னா இதை மட்டுமாவது எடுத்துக்கோங்க. முதல் அடுக்கு, பக்கத்துல இருக்கிறது இருக்கிறபடி, பிழை, அடிச்சது, மசி கொட்டினது உட்பட. அதை யாரும் திருத்தக்கூடாது, படத்தைப் பாத்து தப்பா வாசிச்சிருந்தா மட்டும்தான் கை வைக்கலாம். ரெண்டாவது எழுத்துக்கு எழுத்து லத்தீன். மூணாவது ஸ்பானிஷா வாசிக்கிற மாதிரி. நாலாவது யாப்பு சாருக்கு. கீழ இருக்கிற ஒவ்வொன்னும் மேல இருக்கிறதுல இருந்து ப்ரோக்ராம் போட்டு வரணும், கையால மாத்தினா யார், எந்த தேதி, எதுக்குன்னு ஒரு ஷீட்ல வரி எழுதணும். ஒவ்வொரு வார்த்தையும் அரபியா ஸ்பானிஷான்னு முதல்ல டேக் பண்ணியாகணும், ஏன்னா ஸபரும் அலிஃபும் சேர்ந்தா ஸ்பானிஷ் வார்த்தையில 'எ', அரபி வார்த்தையில 'ஆ', மெஷினுக்கு அது தெரியாது. கையெழுத்தை வாசிக்க ஈஸ்கிரிப்டோரியம்ங்கற சாஃப்ட்வேர் யூஸ் பண்ணோம், வலமிருந்து இடம் ஓடுற எழுத்துக்கு ஒழுங்கா வேலை செஞ்சுது.

சுவடியை நேர்ல பாக்கணும்னா அதுக்கு ஒரு தனி பொறுமை வேணும். யூசுஃப் பாட்டோட ரெண்டு பிரதியும் மாட்ரிட்லதான், ஒன்னு தேசிய நூலகம், இன்னொன்னு வரலாற்று அகாடமி, ஒரு நடையில போயிடலாம். ஆனா ஸ்கேன் ஏற்கனவே இருந்தா ஒரிஜினலைச் சும்மா தூக்கிக் குடுக்க மாட்டாங்க, ஸ்கேன்ல தெரியாத எதைப் பாக்கணும்னு எழுதிக் குடுக்கணும். நூல் எண், பக்க எண், தாள் அமைப்பு, நீர்க்குறி (வெளிச்சத்துல புடிச்சா தாளுக்குள்ள தெரியுற அடையாளம்)னு குறிப்பா எழுதினா காரியம் நடக்கும், "ஆராய்ச்சிக்காக"ன்னு பொதுவா எழுதினா கதவு மூடிக்கும். பேனா வெளியவே வச்சுட்டுப் போகணும், பென்சில்தான். ஆகஸ்ட்ல எந்த ப்ளானும் போடாதீங்க, அந்த நாட்டுல ஆகஸ்ட்டுன்னு ஒரு மாசமே கிடையாது.

ஒரு தடவை பழுது பாக்குற அம்மா கூட வேற ஒரு பிரதி பாக்கப் போனேன். அவங்க எழுத்தை ஒரு நிமிஷம் கூடப் பாக்கல. தாளுக்கு அடியில மெல்லிசா லைட் ஷீட்டை நகர்த்தினாங்க, நூல் நூலா கோடு தெரிஞ்சுது, நடுவுல ஒரு கை, விரல் நுனில நட்சத்திரம். அப்புறம் பக்கத்தோட கீழ் மூலையைக் காட்டினாங்க, புரட்டிப் புரட்டி அந்த எடம் மட்டும் கறுத்து, வழவழன்னு. "இந்தப் பக்கம்தான் நிறைய ஓதியிருக்காங்க"ன்னாங்க. நான் மெஷினுக்குப் பாடம் எடுக்க வசதியா மார்ஜினை எல்லாம் க்ராப் பண்ணித்தான் படங்களை சேவ் பண்ணியிருந்தேன், ஒரிஜினல் ஃபைலை அழிச்சுட்டு வேற. இடம் பத்தலைன்னு. அவங்ககிட்ட சொன்னப்ப திட்டல, கொஞ்ச நேரம் என்னைப் பாத்துட்டு லைட்டை அணைச்சுட்டாங்க. திட்டியிருக்கலாம்.

இந்தப் பிரதிகள் எல்லாம் என்ன பாடு பட்டு வந்துச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது. அரகோன்ல 1526-ல முஸ்லிம்களை எல்லாம் கிறிஸ்தவரா மாத்திட்டாங்க, 1609-ல ஆரம்பிச்சு 1614-க்குள்ள மொத்த சமூகத்தையும் நாட்டை விட்டே துரத்திட்டாங்க. இந்த எழுத்துல ஒரு புத்தகம் வீட்ல இருந்தாலே ஆபத்து. 1884-ல அல்மோனாசித் தெ லா சியெர்ரான்னு சரகோசா பக்கத்து ஊர்ல ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது, பொய்த் தளத்துக்கும் நிஜத் தளத்துக்கும் நடுவுல குவியலா புத்தகம், பைண்டிங் பண்ற சாமானோட. இது என்ன எழுவுன்னு தெரியாம கொஞ்சம் எரிச்சுட்டாங்க. மிச்சத்தைத்தான் காப்பாத்தி, இன்னிக்கு மாட்ரிட்ல அரசு ஆராய்ச்சி நூலகத்துல வச்சிருக்காங்க. எரிச்சவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு ராத்திரி பூரா தூக்கம் வரல. சரி, கொஞ்சம் ஓவரா ஃபீல் பண்ணிட்டேன், ஸ்கேன் திரும்ப வாங்கிட்டோம்.

சண்டை சச்சரவும் இருந்துச்சு. பெருசு, பேப்பர்ல யார் பேரு. எங்க கம்ப்யூட்டர் பக்கம் வேலை பாத்த எல்லார் பேரும் வரும், இலக்கியத்துல ஒருத்தர் பேருதான் வழக்கம், மத்தவங்களுக்கு அடிக்குறிப்புல நன்றி. முதல் கட்டுரையில ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேரும் அடிக்குறிப்புக்குப் போயிட்டாங்க, அந்தப் பொண்ணு ரெண்டு வாரம் வரல. இதை ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போதே எழுதி வச்சுக்கோங்க, நல்ல மனுஷங்கதான எல்லாரும்னு விடாதீங்க, நல்ல மனுஷங்கதான் இங்கயும்.

கடைசி வருஷம் பேக்கப்புக்கு நான் காசு கேட்டப்ப பணம் இல்லைன்னாங்க. மத வரலாறு சார்தான் எனக்காக மீட்டிங்ல ஒரு கதை சொன்னார். 1455-ல ஹுவான் தெ செகோவியான்னு ஒரு கிறிஸ்தவ அறிஞர், சவோய் மலைப்பக்கம் அயித்தோன்ல ஒதுங்கி இருந்தவர், செகோவியா முஸ்லிம்களோட முஃப்தி (மார்க்கச் சட்ட அறிஞர்) ஈசா தெ ஹெபிரை அங்க வரவழைச்சார். நாலு மாசம் மலையில உக்காந்து குர்ஆனை அரபி, காஸ்டிலியன்னு ஈசா எழுத, அதுக்கு லத்தீன் ஹுவான் சேர்த்தார். மூணு மொழிக் குர்ஆன். அது தொலைஞ்சு போச்சு. ஹுவான் எழுதின முன்னுரைதான் முக்கியமா மிஞ்சினது. "டேட்டா போச்சு, ரீட்மி (ப்ரோக்ராமோட வர்ற முன்குறிப்பு ஃபைல்) மட்டும் இருக்கு"ன்னு நான் வாய் விட்டுச் சொல்லிட்டேன், பட்ஜெட் ரெண்டு நாள்ல பாஸ் ஆச்சு.

போன தடவை ஊருக்குப் போனப்ப உம்மம்மாவோட கிதாபை எடுத்து போட்டோ புடிச்சேன். ஓரம் எல்லாம் எண்ணெய்க் கறை, கடைசி வெத்துப் பக்கத்துல தமிழ்ல பால் கணக்கு, ஒரு மாசத்துக்கு மட்டும். மச்சான் பின்னாடி நின்னு பாத்துட்டு, "ஓதுறது இல்லாத பக்கத்தை எதுக்குடா எடுக்குற"ன்னான். டார்ச்சைச் சாய்ச்சுப் புடிடான்னு அவன் கையில குடுத்துட்டு கீழ் மூலையைத் தேடினேன்.